கையடக்கப் பிலிம் கேமராவும் அதன் தொடர்செலவும்: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறிய பிலிம் கேமரா ஒன்றை ஆசையோடு வாங்கி, சில ரோல்களை எடுத்துப் பார்த்து, படங்களும் எதிர்பார்த்தபடி வராமல் பணமும் கரைவதைக் கண்டு மனம் சலித்தவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். பிலிம் மீது எனக்கு மிகுந்த பற்று உண்டு. அதனாலேயே, கேமரா விற்பவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். விலைகள் அடிக்கடி மாறுவதால், இங்கே வரும் ரூபாய்க் கணக்குகளை எடுத்துக்காட்டாக மட்டும் கொண்டு, நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேமராவை 4,000 ரூபாய்க்குத்தான் வாங்கினேன். பிறகும் ஏன் செலவு நின்றபாடில்லை?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி இந்தக் கேமராக்களுக்கு அப்படியே பொருந்தும். 36 படம் எடுக்கக்கூடிய ஒரு கலர் ரோல் 1,100 ரூபாய் என்றும், அதைக் கழுவி ஸ்கேன் செய்து தர 500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,600 ரூபாய். அதாவது ஒரு முறை பட்டனை அழுத்தினால் 44 ரூபாய். மாதத்துக்கு இரண்டு ரோல் எடுப்பவருக்கு ஆண்டுச் செலவு 38,400 ரூபாய் ஆகிறது. கேமராவுக்குக் கொடுத்த தொகையைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல் இது. லித்தியம் பேட்டரி, லேபுக்குப் போய்வரும் ஆட்டோ அல்லது கூரியர் கட்டணம் ஆகியவற்றை இதில் நான் சேர்க்கவில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய எண் 44 அன்று. அந்த 36 படங்களில் வீட்டில் மாட்டவோ, நண்பருக்குக் கொடுக்கவோ, வைத்துப் பார்க்கவோ தகுந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பத்து தேறினால் ஒரு நல்ல படத்துக்கு நீங்கள் கொடுத்த விலை 160 ரூபாய். இருபது தேறினால் 80 ரூபாய். ரோலில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நாலு கடை ஏறி இறங்குவதைவிட, தேறும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் செலவைக் குறைக்கும் உண்மையான வழி. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

24 படம் கொண்ட ரோல் விலை குறைவு என்பதற்காக அதை வாங்குவது பெரும்பாலும் நட்டம்தான். பல லேப்களில் 24-க்கும் 36-க்கும் கழுவும் கூலி ஒன்றே.

ரோல் விலை ஏன் இவ்வளவு ஏறிவிட்டது? முன்பெல்லாம் தெருமுனை ஸ்டுடியோவிலேயே கிடைத்ததே?

கலர் நெகட்டிவ் பிலிமைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தயாரிக்கும் ஆலைகள் உலகில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருக்கின்றன. அவற்றில் பெரியது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஈஸ்ட்மன் கோடாக் ஆலை. அந்த நிறுவனமே 2012-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய்த்தான் மீண்டது. இல்ஃபோர்டு கறுப்பு வெள்ளை பிலிம்களைத் தயாரிக்கும் இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம், ஃபீனிக்ஸ் 200 என்ற தன்னுடைய முதல் கலர் பிலிமை 2023 இறுதியில்தான் வெளியிட்டது. தேவை கூடி, தயாரிப்பவர்கள் குறைந்த ஒரு பொருள், டாலர் விலையில் கப்பலேறி வந்து, சுங்கமும் ஜிஎஸ்டியும் ஏறிய பிறகு கடைக்கு வருகிறது. சென்னையில் ஒரு கடைக்காரர் வைக்கும் இலாபம் இந்த விலையில் சிறு பகுதிதான். அவரிடம் கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு பிலிம் ஆலை இருந்தது என்பதை இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். மத்திய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமையும் எக்ஸ்ரே பிலிமையும் நாடு முழுவதற்கும் அனுப்பியது. அந்த ஆலை இன்று இல்லை. அது மூடப்பட்டது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

முதல் ரோலே இருட்டாகவும் மங்கலாகவும் வந்துவிட்டது. கேமரா கெட்டுப்போனதா?

ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்கேன் செய்யும் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தானாகவே வெளிச்சப்படுத்தியும் நிறம் திருத்தியும் கொடுப்பதால், தவறு எங்கே நடந்தது என்ற தடயம் அதில் அழிந்துபோகிறது. நெகட்டிவைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே லேபில் நெகட்டிவைக் கட்டாயம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "ஸ்கேன் வந்துவிட்டதே, அது எதற்கு" என்று விட்டுவிட்டு வருபவர்கள், தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளையே விட்டுவிட்டு வருகிறார்கள்.

பகலில் சன்னலோரம் நின்று, வானத்தின் வெளிச்சம் பின்னால் படும்படி நெகட்டிவைத் தூக்கிப் பிடியுங்கள். துளைகள் இருக்கும் ஓரப் பட்டையில் பிலிமின் பெயரும் படங்களின் எண்களும் எழுத்துகளாகத் தெரியும். ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்ட அந்த எழுத்துகள், பிலிம் கழுவப்படும்போதுதான் வெளிப்படுகின்றன. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனவே அந்த எழுத்துகள் கருத்து, தெளிவாக இருந்தால் லேப் சரியாகக் கழுவியிருக்கிறது என்று பொருள். எழுத்துகளே வெளிறிப் போயிருந்தால், மருந்து வலுவிழந்திருக்கிறது அல்லது வெப்பநிலை தவறியிருக்கிறது. அப்போது லேபிடம் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எழுத்துகள் தெளிவாக இருந்து, படங்கள் மட்டும் கண்ணாடிபோல் மெலிந்து தெரிந்தால் போதிய வெளிச்சம் விழவில்லை. எழுத்துகள் இருந்து, ஒரு படம்கூட இல்லாமல் ரோல் முழுவதும் வெறும் ஆரஞ்சு நிறமாக இருந்தால், பிலிமின் நுனி சுற்றும் அச்சில் மாட்டாமல் நழுவியிருக்கலாம், அல்லது ஷட்டர் திறக்காமல் இருந்திருக்கலாம். கையால் சுற்றும் கேமராவாக இருந்தால், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிலிமை நகர்த்தும்போது பின்சுற்றும் கைப்பிடியும் கூடவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். அது அசையாமல் நின்றால் உள்ளே பிலிம் நகரவில்லை.

படத்தின் எல்லையைத் தாண்டித் துளைகள் வரை கருமையான கறை பரவியிருந்தால், பின்மூடியின் விளிம்பிலுள்ள கறுப்புப் பஞ்சு உளுத்து வெளிச்சம் கசிகிறது. இருபது முப்பது ஆண்டுப் பழைய கேமராக்களில் அந்தப் பஞ்சு விரலில் ஒட்டும் தார்போல ஆகிவிடும். இதை மாற்றுவது சிறு செலவில் முடியும் வேலைதான். கறை படத்தின் சட்டத்துக்குள் மட்டுமே நின்றால் அது சூரியனை நோக்கி எடுத்ததால் லென்ஸில் உண்டான சிதறல், கேமராவில் குற்றமில்லை. நீளவாக்கில் எல்லாப் படங்களிலும் ஒரே கோடு ஓடினால் உள்ளே மணல் துகள் இருக்கலாம். கடற்கரையில் ரோல் மாற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

மெரினாவில் மாலையில் எடுத்த படங்கள் எல்லாம் கறுத்துவிட்டன. கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தானே இருந்தது?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்று புதிதாக விற்கப்படும் மலிவான பிளாஸ்டிக் கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் கருவியே கிடையாது. கோடாக் பெயரில் வரும் எம்35 கேமராவை எடுத்துக்கொண்டால், அதன் லென்ஸ் திறப்பு எப்போதும் எஃப்10 (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்), ஷட்டர் வேகம் எப்போதும் ஏறத்தாழ ஒரு நொடியில் 120-இல் ஒரு பங்கு. உச்சி வெயிலாக இருந்தாலும் விளக்கு வைக்கும் நேரமாக இருந்தாலும் அது திறந்து மூடும் அளவு ஒன்றேதான்.

ஐ.எஸ்.ஓ. என்பது பிலிம் வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். 200 ஐ.எஸ்.ஓ. பிலிமுக்கு நல்ல வெயிலில் தேவைப்படுவது எஃப்16 திறப்பும் ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்கு வேகமும். அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தக் கேமரா வெயிலில் தேவையைப் போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கலர் நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும். கூடுதல் வெளிச்சத்தை அது மன்னிக்கும் அளவுக்குக் குறைவான வெளிச்சத்தை மன்னிக்காது. மர நிழலுக்கோ கட்டட நிழலுக்கோ வந்தால் வெளிச்சம் வெயிலில் இருப்பதில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். அப்போது பிலிமுக்குக் கிடைப்பது தேவையில் கால் பங்கு. படம் கறுத்து, பொரிபொரியாக வரும். அதே கேமராவில் 400 ஐ.எஸ்.ஓ. பிலிமைப் போட்டால் நிழலில் பாதியளவு கிடைக்கும், சுமாராகத் தேறிவிடும். வெயிலில் எட்டு மடங்கு கூடுதலாக விழுந்தாலும் அந்தப் பிலிம் பெரும்பாலும் சமாளிக்கும். ஆகவே இவ்வகைக் கேமராக்களுக்கு, விலை கூடுதலானாலும், கோடாக் அல்ட்ராமேக்ஸ் போன்ற 400 பிலிமையே பரிந்துரைக்கிறேன். மலிவான 200 ரோலில் பாதி படம் வீணானால் அது மலிவு ஆகாது.

மெரினாவுக்கு வேறொரு காரணமும் உண்டு. நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால், வானம் வெளுத்திருக்கும்போதே மணலிலும் முகங்களிலும் வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும்; நம் கண் தானாகவே பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. காலை எட்டு மணிக்கு அதே இடத்துக்குப் போனால், கடல் பக்கமிருந்து வரும் வெயில் மீனவர் படகுகளின் மேல் நேராக விழும். எலியட்ஸ் கடற்கரைக்கும் காசிமேட்டுக்கும் இது பொருந்தும்.

திருமண மண்டபத்தில் பிளாஷ் போட்டும் மணமக்கள் கறுப்பாக வந்தார்கள். ஏன்?

கையடக்கக் கேமராவின் பிளாஷ் சுமார் மூன்று மீட்டர் வரைதான் உருப்படியாக எட்டும். மேடைக்குக் கீழே நாற்காலி வரிசையிலிருந்து எடுத்தால் முன்வரிசைத் தலைகள் வெளுத்தும் மணமக்கள் கறுத்தும்தான் வருவார்கள். மேடையேறிப் பக்கத்தில் போய் எடுங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தை வீடியோக்காரரிடம் விட்டுவிட்டு, பந்தியில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எடுங்கள். பிளாஷ் தயாராகிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியும் முன் பட்டனை அழுத்தவும் கூடாது.

ஆட்டோஃபோகஸ் கேமராதான். ஆனாலும் ஆட்கள் மங்கலாகவும் பின்னாலிருக்கும் கோபுரம் தெளிவாகவும் வருகிறதே?

ஆட்டோஃபோகஸ் வசதி 1977-இல் கொனிகா சி35 ஏ.எஃப். கேமராவோடு சந்தைக்கு வந்ததிலிருந்து, பெரும்பாலான சிறிய கேமராக்கள் நாம் பார்க்கும் கண்ணாடியின் நடுவிலுள்ள சிறு கட்டத்தில் இருப்பதையே குறிபார்க்கின்றன. கபாலீசுவரர் கோயில் குளத்தங்கரையில் இருவரை நிறுத்திவைத்து எடுக்கிறீர்கள் என்றால், அந்தக் கட்டம் அவர்கள் இருவருக்கும் இடையிலுள்ள வெளியில் விழுந்து, எதிர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் ஒருவரின் முகத்தைக் கட்டத்தில் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்து முழுவதும் அழுத்துங்கள். இந்த ஒரு பழக்கமே ரோலுக்கு ஐந்தாறு படங்களைக் காப்பாற்றிக் கொடுக்கும். மிக அருகில் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். நாம் பார்க்கும் கண்ணாடி வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு என்பதால், தட்டிலிருக்கும் இட்லியைக் குனிந்து எடுத்தால் தட்டு ஒரு பக்கம் வெட்டுப்பட்டும் மங்கலாகவும்தான் வரும்.

சென்னையில் எங்கே கழுவக் கொடுப்பது? லேபில் என்ன கேட்க வேண்டும்?

"ஒரு மணி நேரத்தில் பிரிண்ட்" என்று பலகை மாட்டியிருந்த கலர் லேப்கள் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் தெருவுக்குத் தெரு இருந்த காலம் போய்விட்டது. இன்று பிலிம் வாங்கிக்கொள்ளும் ஸ்டுடியோக்களில் சில, ரோல்களைச் சேர்த்துவைத்து வேறிடத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்குகின்றன. அதில் தவறில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில், முதல் மருந்தின் வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸ். நேரம் 3 நிமிடம் 15 நொடி. வெப்பநிலை 0.15 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது கோடாக் வகுத்த அளவு. மேலும், அந்த மருந்து தொடர்ந்து புழங்கிக்கொண்டே இருந்தால்தான் வலுவோடு இருக்கும். வாரக்கணக்கில் இயந்திரம் சும்மா கிடந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். ஆகவே நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "எத்தனை ரூபாய்" என்பது அன்று. "நீங்களே கழுவுகிறீர்களா, வாரத்தில் எந்த நாளில் கழுவுவீர்கள்" என்பதுதான். மற்ற ரோல்களோடு சேர்த்துக் கழுவும் நாளுக்காகக் காத்திருப்பது நல்லது.

ஸ்கேன் விஷயத்தில், எத்தனை பிக்சல் என்று கேளுங்கள். 3,000-க்கு 2,000 பிக்சல் கிடைத்தால் பத்து அங்குல நீளம் வரை நல்ல பிரிண்ட் போடலாம். பெரும்பாலானோருக்கு அது போதும். அதற்கு மேல் பணம் கட்டி எல்லாப் படத்தையும் பெரிய அளவில் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. நெகட்டிவ் கையிலிருக்கும்வரை, பிடித்த இரண்டு படங்களை மட்டும் பிறகு எடுத்துப்போய்ப் பெரிதாக ஸ்கேன் செய்துகொள்ளலாம். படத்தில் வெள்ளைப் புள்ளிகளும் மயிரிழைகளும் நிறைய இருந்தால், ஸ்கேன் செய்யும்போது நெகட்டிவில் தூசி இருந்திருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்து தரும்படி பணிவாகக் கேட்கலாம். பொறுப்பான லேப் மறுக்காது.

சினிமா பிலிமை வெட்டி, சிறு உறைகளில் சுற்றி மலிவாக விற்கும் ரோல்களை வாங்கலாமா?

வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோடாக் விஷன்3 போன்ற சினிமா பிலிம்களின் பின்புறத்தில், கார்பன் கலந்த கறுப்புப் பூச்சு ஒன்று காலங்காலமாக இருந்து வந்தது; 2025-இல்தான் கோடாக் அந்தப் பூச்சில்லாத விஷன்3 பிலிம்களை வெளியிடத் தொடங்கியது. பூச்சுள்ள பிலிமைச் சாதாரண சி-41 இயந்திரத்தில் போட்டால் அந்தப் பூச்சு கரைந்து, மருந்தையும் உருளைகளையும் கெடுத்து, உங்களோடு சேர்த்து மற்றவர்களின் ரோல்களையும் பாழாக்கிவிடும். சொல்லாமல் கொடுப்பது லேபுக்குச் செய்யும் அநியாயம். பூச்சு நீக்கிய ரோல் என்று உறுதியாகத் தெரிந்தாலோ, சினிமா பிலிமுக்கான இ.சி.என்-2 முறையில் கழுவித் தருபவர் கிடைத்தாலோ மட்டும் வாங்குங்கள். அப்படிக் கழுவும் கூலி சில இடங்களில் கூடுதல் என்பதால், ரோலில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடவும் கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரோல் உறையின் மேல் வெள்ளியும் கறுப்புமாக இருக்கும் கட்டங்களைத் தொட்டுத்தான் சிறிய கேமராக்கள் பிலிமின் ஐ.எஸ்.ஓ. அளவைத் தெரிந்துகொள்கின்றன. கையால் சுற்றிய ரோலில் அந்தக் கட்டங்கள் இல்லையென்றால், பல கேமராக்கள் அதை 100 என்று எடுத்துக்கொள்ளும். ஒலிம்பஸ் மியூ-2 அப்படித்தான் செய்யும். 500 பிலிம் போட்டிருந்தால் தேவையைப் போல் ஐந்து மடங்கு வெளிச்சம் விழுந்துவிடும்.

காலாவதியான பிலிம்?

இவ்வகைக் கேமராவில் வேண்டாம். பத்தாண்டு பழையதென்றால் இரு மடங்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். வெளிச்சத்தை நாமே கூட்ட வழியில்லாத கேமராவில் அதைச் செய்ய முடியாது; சென்னை வெயிலில் கடை அலமாரியில் கிடந்த ரோலுக்கு அந்த வழக்கமும் போதாது.

நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பிலிமையும் கேமராவையும் எப்படிக் காப்பது?

பிரிக்காத ரோல்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்ததும் உடனே பிரிக்காமல், ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பிலிமின் மேல் நீர் கோத்துவிடும். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், ஏனென்றால் வெப்பத்தில் பதிந்த உருவம் மெல்ல மங்கும். இருசக்கர வாகனத்தின் சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டி, வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை ஆகிய இரண்டும் பிலிமுக்கு எமன்.

கேமராவுக்குப் பகை பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் பூட்டி அலமாரியில் வைத்த கேமராவின் லென்ஸை, டார்ச் வெளிச்சத்தைக் குறுக்காக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நுண்ணிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை வந்துவிட்டது. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதிலிருந்து வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பழைய கேமரா வாங்கும்போதும் இதே டார்ச் சோதனையைக் கடையிலேயே செய்யலாம்.

மெட்ரோ நிலைய ஸ்கேனரிலும் விமான நிலையத்திலும் பிலிம் கெடுமா?

மெட்ரோவில் பையை வைக்கும் சாதாரண எக்ஸ்ரே இயந்திரத்தில், 400 வரையிலான பிலிம் ஓரிரு முறை போய்வந்தால் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் நேராது. ஆனால் தினமும் வேலைக்குப் போகும் பையிலேயே அதே ரோலை மாதக்கணக்கில் வைத்திருந்தால், ஒவ்வொரு முறை பட்ட பாதிப்பும் சேர்ந்து கூடிக்கொண்டே போகும். விமானப் பயணத்தில், சரக்கோடு அனுப்பும் பெட்டியில் பிலிமை ஒருபோதும் வைக்காதீர்கள். கைப்பைக்கே சி.டி. (CT) வகை ஸ்கேனர், அதாவது பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே எடுக்கும் இயந்திரம், வைத்திருக்கும் விமான நிலையங்களும் இப்போது உள்ளன. அது கழுவாத பிலிமை நிச்சயமாகப் பாதிக்கும். ரோல்களைக் கண்ணாடிபோன்ற பையில் தனியே எடுத்து, கையால் சோதிக்கும்படி அதிகாரியிடம் கேளுங்கள்.

மலிவான கேமராவால்தான் ஏமாந்தேன். விலை கூடிய பழைய கேமரா ஒன்றை வாங்கினால் சரியாகிவிடுமா?

படத்தின் தெளிவு கூடும். தொடர்செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது. ரோலும் லேபும் அதேதான்.

1990-இல் வந்த கான்டாக்ஸ் டி2, 1997-இல் வந்த ஒலிம்பஸ் மியூ-2 போன்றவை உண்மையிலேயே சிறந்த லென்ஸ் கொண்டவை. ஆனால் இன்று அவற்றுக்குச் சொல்லப்படும் விலையில் பாதி, பேரும் புகழும்தான். 2017-இல் மாடல் அழகி கெண்டல் ஜென்னர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் டி2-வைப் பற்றிப் பேசிய பிறகு அதன் விலை தாறுமாறாக ஏறியது. இவை எல்லாம் உள்ளே மின்சுற்றுகளால் ஆனவை. ஷட்டரையும் மோட்டாரையும் இயக்கும் சுற்று ஒருநாள் செத்துப்போனால், உதிரிப்பாகம் எடுக்க அதேபோன்ற இன்னொரு கேமராவைத்தான் அறுக்க வேண்டும். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கைதேர்ந்த ஒருவர் கிடைத்தாலும், இல்லாத பாகத்தை அவரால் உண்டாக்க முடியாது. நீங்களே கழற்றிப் பார்க்கவும் துணியாதீர்கள். பிளாஷின் மின்தேக்கியில் பேட்டரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும்.

என் யோசனை கேட்டால், வீட்டுப் பரணைத் தேடுங்கள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் யாஷிகா எம்.எஃப்-2 சூப்பர் இருந்தது. சாதாரண பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். அத்தையிடமோ மாமாவிடமோ கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். மிச்சமாகும் பணத்தில் ரோல் வாங்கலாம்.

அரைச்சட்டக் கேமரா வாங்கினால் செலவு பாதியாகுமா?

ஏறத்தாழ ஆகும். ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் பதிவதால் 36 ரோலில் 72 கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 44 ரூபாய் 22 ஆகும். ஆனால் சில லேப்கள் அரைச்சட்டத்துக்கு ஸ்கேன் கூலியைக் கூட்டுவதால், 200 ரூபாய் கூடினால் 25. ஒவ்வொரு படத்தின் பரப்பும் முழுச்சட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால் பொரி கூடுதலாகத் தெரியும். கைபேசியில் பார்க்கவும் அஞ்சலட்டை அளவு பிரிண்ட் போடவும் அது தடையில்லை. 2024-இல் வெளிவந்த பெண்டாக்ஸ் 17 வெளிச்சத்தை அளந்து ஷட்டரைத் தானே அமைத்துக்கொள்ளும். தூரத்தை மட்டும் நாம் வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் மாதம் இரண்டு ரோல் எடுப்பவருக்கு அந்தக் கூடுதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈடாகிவிடக்கூடும். 72 படம் முடிய மாதங்கள் ஆகிறவர்களுக்கு, ரோல் கேமராவிலேயே வெப்பத்தில் கிடக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே கழுவினால் மிச்சமாகுமா?

கறுப்பு வெள்ளையானால் நிச்சயமாக ஆகும். ஒளி புகாத ஒரு டேங்கும் டி-76 போன்ற மருந்தும், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலும் இருந்தால் போதும். பிலிமை டேங்கில் ஏற்ற மட்டும் முழு இருட்டு வேண்டும். அதற்கு வகுத்த வெப்பநிலை 20 டிகிரி. கோடையில் நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டுவதால், மருந்துப் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்திக் குளிரவைத்து, வெப்பமானியைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கலருக்கு நம் ஊர் ஒரு வகையில் உதவுகிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 37.8-க்கு அருகிலேயே இருக்கும். ஆனாலும் கலர் மருந்து கலந்த பின் சில வாரங்களில் கெடுவதால், எட்டுப் பத்து ரோல்களைச் சேர்த்துவைத்துக் கழுவுபவருக்கே அது இலாபம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாமல், சேர்த்துவைத்து வாங்கிக்கொள்ளும் லேபிடம் கொடுங்கள்.

விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

உங்களுக்கு வேண்டியது பிலிம்போன்ற நிறம் மட்டும் என்றால், கைபேசியில் எடுத்து நிறம் மாற்றிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. மாதம் மூவாயிரம் ரூபாயை அதற்காகச் செலவிட வேண்டாம். கையில் நெகட்டிவ் என்ற பொருள் இருக்க வேண்டும், குழந்தை வளர்ந்த பிறகு அதை எடுத்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதம் இரண்டு ரோல் என்பதை ஆண்டுக்கு நான்கு ரோல் என்று குறைத்துவிடுங்கள். பொங்கலுக்கு ஒன்று, கோடை விடுமுறைக்கு ஒன்று, வீட்டு விசேஷத்துக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்கு 6,400 ரூபாயில் 144 படங்கள். ஒரு வீட்டு ஆல்பத்துக்கு அது தாராளம்.

விற்பதென்று முடிவு செய்தால், பேட்டரியைக் கழற்றி, அது கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். உள்ளே பாதி எடுத்த ரோல் இருந்தால், கையால் சுற்றும் கேமராவில் அடிப்பக்கமுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டும், மோட்டார் உள்ளதில் ரோலைப் பாதியிலேயே பின்சுற்றுவதற்கான சிறு பொத்தானைக் குண்டூசியால் அழுத்தியும் பின்சுற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கடைசியாகக் கழுவிய நெகட்டிவ் பட்டை ஒன்றை வாங்குபவரிடம் காட்டி, கசிவோ மங்கலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு ரோலுக்கு என்ன செலவாகும் என்பதையும் பணம் வாங்கும் முன் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.